கருங்காலிப் பேனைக்கு எதைப் பூசுவது?

திருக்கோவிலில் இருந்து சாகாமம், கஞ்சிகுடிச்சாறு பக்கமாக மேற்கே போகப் போக வயல் முடிந்து காடு தொடங்கிவிடும். முதிரை, பாலை, வீரை ஆகியவற்றின் நடுவே எங்காவது ஒரு கருங்காலி நிற்கும். யுத்த காலத்தில் இந்தக் காட்டுக்குள் விறகுக்குப் போனவர்களுக்கும் தேன் எடுக்கப் போனவர்களுக்கும் என்ன நடந்தது என்பதை இப்பகுதி மக்களுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. கிழக்கில் 2007 இல் இராணுவ நடவடிக்கைகள் ஓய்ந்த பிறகு வாழ்வாதார உதவி என்ற பெயரில் தையல் இயந்திரமும் கோழிக்குஞ்சும் தச்சுக் கருவிகளும் பலருக்குக் கொடுக்கப்பட்டன. கருவி வந்த அளவுக்கு அதை வைத்து எதைச் செய்வது, யாருக்கு விற்பது என்ற அறிவு வரவில்லை.

மேசையில் வைத்து இயக்கக்கூடிய சிறிய கடைச்சல் இயந்திரம் ஒன்று கையில் இருந்தால் செய்யக்கூடிய தொழில்களில் மரப் பேனையும் ஒன்று. நாற்காலியில் அமர்ந்தபடியே செய்யலாம். காலை இழந்தவரும் சக்கர நாற்காலியில் இருப்பவரும் செய்யலாம். கையளவு மரத்துண்டு போதும். ஆண்டுக்குச் சில மாதங்கள் அறுகம்பைக்கு வரும் வெளிநாட்டவரும், விடுமுறையில் ஊர் வரும் புலம்பெயர் உறவுகளும் வாங்குவார்கள். ஆனால் கடைந்து முடித்த பேனைக்கு மினுக்கம் ஏற்றுகின்ற கடைசிக் கட்டத்தில்தான் பலரும் தடுக்கி விழுகின்றார்கள். விற்கும் நாளில் கண்ணாடி போல் இருந்த பேனை, ஒரு மாதத்தில் வாங்கியவரின் சட்டைப் பையில் வெண்மை படர்ந்தோ, பிசுபிசுத்தோ, மெல்லிய வெடிப்பு விட்டோ நிற்கும். அதுவும் கருங்காலி போன்ற இறுகிய கரிய மரத்தில் இது அதிகம். ஏன் அப்படி நடக்கின்றது என்பதை விளங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

முதலில் மரத்தைப் பற்றி. நாம் கருங்காலி என்பது இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வளரும் மரம். சிங்களத்தில் களுவர. மரம் முழுவதும் கறுப்பு அல்ல. வெளிப்பகுதி வெளிறிய மஞ்சள் சாம்பல் நிறமாக இருக்கும், வைரம் மட்டுமே கறுப்பு. அந்த வைரம் முற்றுவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். நன்கு முற்றிய வைரத்துண்டைத் தண்ணீரில் போட்டால் அடியில் போய்ப் படுத்துவிடும், அவ்வளவு அடர்த்தி. உலக்கைக்கு நம் முன்னோர் இதைத் தேர்ந்தெடுத்ததன் காரணமும் அதுதான். காட்டிக் கொடுப்பவனுக்கு ஏன் இந்த மரத்தின் பெயரை வைத்தோம் என்பது வேறு கதை. மரத்தின் மீது அந்தப் பழி நியாயமில்லை என்பது என் எண்ணம்.

பெயரில் ஒரு குழப்பமும் உண்டு. சித்த மருத்துவத்தில் கருங்காலி என்று வருவது பல இடங்களில் கத்தக்காம்பு எடுக்கின்ற முள்மரம். அது கருவேலின் உறவு, உலக்கை மரம் அல்ல. அண்மைக் காலத்தில் தமிழ்நாட்டிலும் இங்கும் கருங்காலி மாலைக்கு ஏற்பட்ட மோகத்தில் இரண்டும் ஒரே பெயரில் விற்கப்படுகின்றன. கூடவே ஏதோ ஒரு மரத்துக்குக் கறுப்புச் சாயம் ஊற்றியதும் விற்கப்படுகின்றது. பேனைக்கு மரம் வாங்குபவர் ஸ்பிரிட் நனைத்த வெள்ளைத் துணியால் துண்டைத் தேய்த்துப் பார்க்க வேண்டும். உண்மையான கருங்காலியிலும் இலேசான பழுப்புக் கறை ஏறும். ஆனால் துணி மை தொட்டது போல் கறுத்தால் அது சாயம். அதைவிட நல்ல சோதனை, துண்டை நடுவில் அறுத்துப் பார்ப்பது. சாயம் பெரும்பாலும் மரத்தின் உள்ளே வரை போய்ச் சேர்ந்திருக்காது.

அடுத்தது சட்டம். இதைப் பேசாமல் மினுக்கத்தைப் பற்றிப் பேசுவது பயனற்றது. ஒல்லாந்தர் காலத்திலும் பிரித்தானியர் காலத்திலும் இலங்கையின் உலர் வலயக் காடுகளில் இருந்து கருங்காலி கப்பல் கப்பலாகப் போனது. எஞ்சியிருப்பது சொற்பம். இன்று அது பாதுகாக்கப்பட்ட மரம். வனத் திணைக்களத்தின் அனுமதியின்றிக் காட்டில் வெட்டுவதும் வீதியில் கொண்டு செல்வதும் குற்றம். தண்டப் பணம், வழக்கு, வாகனம் பறிமுதல் என்று போகும். யுத்தம் முடிந்தும் சோதனைச் சாவடி என்ற சொல்லுக்கே வயிறு கலங்கும் ஒரு சமூகத்தில், ஒரு பேனைக்காக அந்தச் சிக்கலை இழுத்துக்கொள்வது அறிவுடைமை அல்ல. காட்டில் இருந்து ஒருவர் இரவில் கொண்டுவந்து தருகின்ற மலிவான துண்டை வாங்காதீர்கள்.

அப்படியானால் மரம் எங்கே? ஒரு பேனைக்குத் தேவை சுமார் 13 சென்ரிமீற்றர் நீளமும் 2 சென்ரிமீற்றர் சதுரமும் கொண்ட ஒரு துண்டு மட்டுமே. உடைந்த ஓர் உலக்கையில் இருந்து பல பேனைகள் வரும். பழைய அலுமாரிக் கால், கதிரைக் கை, கட்டில் சட்டம் எல்லாம் பொன் போன்றவை. கும்பகோணம் பக்கத்தில் நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் கடைகின்றவர்கள் ஆச்சா மரத்தைப் பச்சையாக வாங்குவதில்லை. இடிக்கப்பட்ட பழைய வீடுகளின் தூணையும் உத்தரத்தையும் தேடிப் போகின்றார்கள். பல பத்தாண்டுகள் கூரைக்குக் கீழே காய்ந்த மரம் இனி வெடிக்காது, வளையாது என்பதுதான் கணக்கு. எமது பகுதிகளில் இடிந்த வீடுகளுக்குப் பஞ்சமில்லை. ஷெல் விழுந்த வீட்டின் நிலைக்கதவில் இருந்து மகன் ஒரு பேனை கடைந்து கனடாவில் உள்ள அக்காவுக்கு அனுப்புகின்றான் என்றால், அந்தப் பேனைக்கு விலை போட முடியாது. அது முதிரையாகவோ பாலையாகவோ இருந்தாலும் பரவாயில்லை. கீழே சொல்லப்படுபவற்றில் பெரும்பகுதி எந்த இறுகிய மரத்துக்கும் பொருந்தும். பழைய கருங்காலித் துண்டுகளை வைத்திருப்பவர்கள் பிரதேச வன அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. வெளிநாட்டவருக்கு விற்பதானால் இது இன்னும் முக்கியம். விமான நிலையத்தில் நிற்கப்போவது அவர்கள்தான்.

இனி வேலைக்கு வருவோம். துண்டை நெடுகத் துளைத்து, உள்ளே பித்தளைக் குழாயை ஒட்டி, இருசுக் கம்பியில் கோத்து, உளியால் கடைவது பொதுவான முறை. இறுகிய மரத்தின் முதல் எதிரி சூடு. துளைக்கும்போதும் அரத்தாள் போடும்போதும் எழுகின்ற சூடு வெளியேற வழியில்லாமல் மரத்தின் மேற்பரப்பைக் கடுமையாக உலர்த்துகின்றது. உள்ளே பித்தளை விரிகின்றது, வெளியே மரம் சுருங்குகின்றது. இரண்டுக்கும் நடுவில் மயிரிழை வெடிப்பு. அது அன்று கண்ணுக்குத் தெரியாமல் பூச்சு ஏறிய பிறகு ஒரு வாரத்தில் தெரியும். பூச்சைத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள். ஆகவே துளைக்கும்போது கொஞ்சம் துளைத்து, அலகை வெளியே எடுத்துத் தூளைத் தட்டி, ஆறவிட்டுத் தொடர வேண்டும். அரத்தாள் போடுகையில் விரலில் சூடு தெரிந்தால் இயந்திரத்தை நிறுத்துங்கள். விரல் தாங்காத சூட்டை மரமும் தாங்காது.

அரத்தாளில் அவசரம் கூடாது. 180 இல் தொடங்கி 240, 320, 400, 600 என்று ஒவ்வொரு படியாகப் போக வேண்டும். ஒன்றைத் தாண்டினால் வெளிர் மரத்தில் தெரியாமல் போகலாம். கரிய மரத்தில் கறுப்புக் காரில் விழுந்த கீறல் போல் வெயிலில் பளிச்சென்று தெரியும். ஒவ்வொரு படியின் முடிவிலும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, அதே தாளால் மரத்தின் நீளவாக்கில் நாலு தடவை இழுத்தால் சுற்றுக்கீறல்கள் மறையும். பிறகு ஸ்பிரிட் நனைத்த துணியால் தூளைத் துடைத்துவிட்டு அடுத்த தாளுக்குப் போகலாம். ஸ்பிரிட் இன்னொரு உதவியும் செய்யும். ஈரமாக இருக்கும் அந்தச் சில விநாடிகளில் மிஞ்சியிருக்கும் கீறல் எது என்று காட்டிக் கொடுத்துவிடும். 600 வரை ஒழுங்காக வந்த கருங்காலி எதுவும் பூசாமலேயே மினுங்கத் தொடங்கும்.

தூளைப் பற்றி ஒரு வார்த்தை. கருங்காலித் தூள் தோலில் அரிப்பையும் சிலருக்குச் சுவாச ஒவ்வாமையையும் உண்டாக்கும். முகக்கவசம் இல்லாமல் கடையாதீர்கள். சாரத்தை முகத்தில் சுற்றிக்கொள்வது போதாது.

இப்போது பூச்சு. ஒரு மரத்துக்கு எதைப் பூசினாலும் அது இரண்டில் ஒன்றைச் செய்கின்றது. உள்ளே இறங்கி நார்களுக்குள் இறுகுகின்றது, அல்லது மேலே தோல் போல் படிகின்றது. பலா, தேக்கு போன்றவை எண்ணெயைக் குடிக்கும். கருங்காலியில் குடிப்பதற்கு இடமே இல்லை. இந்த ஒரு வேறுபாட்டை மறப்பதால்தான் எண்ணெய் பூசிய கருங்காலிப் பேனைகள் பிசுபிசுக்கின்றன.

எமது வீடுகளில் முதலில் கை போவது தேங்காய் எண்ணெய்க்குத்தான். தடவியதும் மரம் அழகாகக் கறுக்கும், உண்மை. ஆனால் தேங்காய் எண்ணெய் ஒருபோதும் காயாது. காற்றில் உள்ள ஒட்சிசனுடன் சேர்ந்து இறுகுகின்ற தன்மை எண்ணெயில் உள்ள நிறைவுறாத கொழுப்பைப் பொறுத்தது. அதை அளக்கும் அயடீன் எண் தேங்காய் எண்ணெய்க்கு 10 அளவில்தான் உள்ளது. நல்லெண்ணெய்க்கு 110 அளவு. வார்னிஷ் செய்யப் பயன்படும் ஆளி விதை எண்ணெய்க்கு 170க்கு மேல். ஆகவே தேங்காய் எண்ணெயும் இலுப்பை எண்ணெயும் அழுக்கை இழுத்துக்கொண்டு அப்படியே கிடக்கும். நல்லெண்ணெய் அரைகுறையாக இறுகிப் பசையாகும். ஆளி விதை எண்ணெய் இறுகும், ஆனால் கருங்காலியில் மிக மெல்லியதாகத் தடவி, கால் மணி நேரத்தில் உலர்ந்த துணியால் முழுவதையும் துடைத்து எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் விட்டு இன்னொரு தடவை. அவ்வளவுதான் அது ஏற்கும். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். இறுகும்போது வெளிப்படும் சூடு சுருட்டிய துணிக்குள் தங்கித் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் அமிழ்த்துங்கள்.

அரக்குதான் எங்கள் நாட்டுக்குப் பழக்கமான வழி. மாத்தளை மாவட்டத்து ஹபுவிடவில் இன்றும் சில குடும்பங்கள் மரத்தைக் கடைந்து அரக்கு ஏற்றுகின்றன. சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால் உரசும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஏறிக்கொள்ளும். கடைச்சலில் ஏற்ற முடியாத வேலைப்பாட்டுக்கு இளகிய அரக்கை நூலாக இழுத்து நகத்தால் பதிக்கின்றார்கள். கொழும்பில் பிறந்த தமிழரான ஆனந்த குமாரசுவாமி மத்தியகாலச் சிங்களக் கலை பற்றி 1908 இல் வெளியிட்ட நூலில் இந்த அரக்கு வேலையையும் பதிவு செய்தார். கர்நாடகத்தின் சன்னபட்டணத்துப் பொம்மைகளும் திருநெல்வேலிப் பக்கத்து அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான்களும் இதே உத்திதான். சன்னபட்டணத்தில் அரக்கு ஏறியதும் ஒரு தாழை ஓலையை மடித்துச் சுழலும் மரத்தில் பிடிப்பார்கள். அரக்கு ஒரு சீராகப் பரவி மினுக்கம் வந்துவிடும். கடலோரத்தில் வேலிக்கு நிற்கின்ற அதே தாழைதான். முள்ளைச் சீவிவிட்டு உலர்ந்த ஓலையை எடுத்துச் செய்து பார்க்கலாம், செலவு எதுவும் இல்லை.

பேனைக்கு அரக்கைக் குச்சியாக ஏற்றுவதைவிட ஸ்பிரிட்டில் கரைத்து ஏற்றுவது இலகு. 100 மில்லிலீற்றர் ஸ்பிரிட்டுக்கு 12 கிராம் அரக்குச் செதில், ஒரு நாள் ஊறவிட்டு, துணியில் வடிகட்டினால் போதும். வெளிர் மரத்துக்கு வெளுத்த, விலை கூடிய செதில் வேண்டும். கருங்காலிக்கு அந்தச் செலவு வீண். மலிவான செம்பழுப்பு அரக்கின் நிறம் கறுப்பில் தெரியவா போகின்றது? சிறிய துணி மடிப்பில் நாலு சொட்டு விட்டு, மெதுவாகச் சுழலும் பேனையில் இடமிருந்து வலமாக ஒரே ஓட்டம். பத்து நிமிடம் விட்டு அடுத்தது. ஐந்தாறு தடவை போதும். நடுவில் துணி இழுபடுவது போல் இருந்தால் நிறுத்திக் காயவிடுங்கள். மேலும் தேய்த்தால் ஏற்றியதே கழன்று வரும்.

அரக்கின் பலவீனத்தையும் மறைக்கக் கூடாது. வியர்வை நாளடைவில் அதை மங்க வைக்கும். கொரோனாவுக்குப் பிறகு எல்லோர் கையிலும் இருக்கின்ற கைச் சுத்திகரிப்புத் திரவம் மதுசாரம் என்பதால் அரக்கைக் கரைத்து விரல் அடையாளம் பதித்துவிடும். ஆனால் ஒரு பெரிய நன்மை உண்டு. கெட்டுப்போன அரக்கைச் சுரண்ட வேண்டியதில்லை. அதன் மேலேயே ஸ்பிரிட் துணியை ஓட்டினால் பழையதும் புதியதும் ஒன்றாகிவிடும். வாங்கியவர் திருப்பிக் கொண்டுவந்தால் பத்து நிமிடத்தில் புதிது போல் கொடுக்கலாம்.

இப்போது யூரியூப்பில் எல்லோரும் காட்டுவது சுப்பர் குளூ முறை. ரிசூக் கடதாசியில் சில சொட்டு விட்டு, சுழலும் பேனையில் எட்டுப் பத்துத் தடவை மெல்லிய பூச்சாக ஏற்றி, பின் ஈர அரத்தாளால் தேய்த்து, காருக்குப் போடும் கொம்பவுண்டால் மினுக்கினால் கண்ணாடி போல் வரும். வியர்வைக்கும் சுத்திகரிப்புத் திரவத்துக்கும் அசையாது. ஆனால் இரண்டு விடயங்களை அந்த வீடியோக்கள் எமது கடற்கரையை நினைத்துச் சொல்வதில்லை. சுப்பர் குளூ காற்றின் ஈரத்தைக் கொண்டே இறுகுகின்றது. எமது ஈரக் காற்றில், அதுவும் வடகீழ்ப் பருவ மழைக் காலத்தில், அது எதிர்பார்ப்பதைவிட விரைவாக இறுகி வெண்மை படரும். கறுப்பு மரத்தில் அந்த வெண்மை சாம்பல் பூத்தது போல் இருக்கும். மார்கழி மழையில் இந்த வேலையைச் செய்யாமல் விடுவதே நல்லது. முடியாவிட்டால் வெயில் ஏறிய நண்பகலில், இன்னும் மெல்லிய பூச்சாக. மற்றது கருங்காலியின் வழவழப்பு. ஒட்டும் முன் ஸ்பிரிட்டாலோ அசற்றோனாலோ நன்றாகத் துடைக்காவிட்டால் பூச்சு ஒரு நாள் தோலாக உரிந்து வரும்.

அத்துடன் ஓர் எச்சரிக்கை. சுப்பர் குளூவைப் பஞ்சிலோ பருத்தித் துணியிலோ ஊற்றாதீர்கள். பருத்தியுடன் சேர்ந்தால் புகை எழும்பும் அளவுக்குச் சூடாகிக் கையைச் சுடும். கையில் பருத்திச் சட்டையின் முன்கை நீண்டிருந்தால் மடித்து விடுங்கள். புகை கண்ணுக்கு ஆகாது, வாசலைத் திறந்து வைத்துக் காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். யுத்தத்தில் ஒரு கண்ணை இழந்து மற்றக் கண்ணை நம்பி வாழ்பவர்கள் இந்த முறையை எடுக்காமல் அரக்குடன் நிற்பதே நல்லது என்று நான் சொல்வேன்.

கொம்பவுண்ட் பற்றியும் ஒன்று. வெள்ளை மினுக்குக் குழம்பைப் பூச்சில்லாத கருங்காலியில் நேரே போட்டால் நுண்ணிய துளைகளுக்குள் வெள்ளையாகத் தங்கிவிடும். பிறகு ஊசியால் நோண்டினாலும் போகாது. முதலில் மரத்தை மூட வேண்டும், அதன் பிறகே குழம்பு.

எனக்குப் பிடித்த முறையைக் கேட்டால், கருங்காலிக்கு மிகக் குறைவாகப் பூசுவதே அழகு. 600 வரை தேய்த்து, இரண்டே தடவை அரக்கு ஏற்றி, மேலே தேன்மெழுகு. தேன்மெழுகு 62 பாகைக்கு மேல் உருகும், கையில் மெத்தென்று இருக்கும், ஆனால் விரைவில் தேயும். பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் ஓலையில் எடுக்கப்படும் கார்னோபா மெழுகு 82 பாகை வரை தாங்கும். கார் மெழுகு டப்பாக்கள் சிலவற்றில் அது இருக்கின்றது. இரண்டையும் கலந்தால் இன்னும் நல்லது. கடைசியில் கடையும்போது விழுந்த அதே மரச் சீவலை ஒரு பிடி அள்ளிச் சுழலும் பேனையில் அழுத்திப் பாருங்கள். மரம் தன் சீவலாலேயே மினுங்கும். கண்ணாடி போல் பளபளக்கும் கருங்காலிப் பேனையைத் தூரத்தில் இருந்து பார்த்தால் பிளாஸ்ரிக் என்றுதான் நினைப்பார்கள். அதற்கு ஏன் இவ்வளவு அரிய மரம்? முதிரைக்குச் சுப்பர் குளூ போடுங்கள். அதன் பொன்னிறமும் உள்ளே ஓடும் அலைகளும் கண்ணாடிக்குக் கீழேதான் எடுபடும்.

பேனையின் உலோகப் பாகங்கள் வெளிநாட்டில் இருந்து வருபவை. 2022 நெருக்கடியின்போது இறக்குமதிப் பொருளை நம்பிய தொழில்கள் பட்ட பாட்டை அறிவோம். அதனால் ஒரே வகைப் பாகத்தைத் தெரிவு செய்து, பாக்கர் வகை நிரப்பி போடக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள். மை முடிந்ததும் அக்கரைப்பற்றிலோ கல்முனையிலோ ஒரு புத்தகக் கடையில் நிரப்பி கிடைக்காத பேனை, எவ்வளவு மினுங்கினாலும் லாச்சிக்குள்தான் கிடக்கும்.

பூச்சு முடிந்ததும் உடனே பொருத்தி விற்க வேண்டாம். அரக்கு தொட்டால் காய்ந்தது போல் இருந்தாலும் முழுதாக இறுக ஒரு வாரமாவது எடுக்கும். அதுவரை நிழலில், நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். அனுப்பும்போது பழைய துணியில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள். பொலித்தீனில் இறுக்கிச் சுற்றினால் அதன் மடிப்புகள் எல்லாம் அரக்கின் மேல் அச்சாகப் பதிந்துவிடும்.